முதிரைக் கதவு

வீடுகளின் உட்புறத்தை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். யாழ்ப்பாணத்தில் இப்படிச் சொன்னால் பலருக்கு இன்னும் விளங்குவதில்லை. "கேர்ட்டின் போட்டுக் குடுக்கிறதோ பிள்ளை?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிடுவேன்.

கொழும்பில் படித்து, அங்கேயே சில காலம் வேலை செய்துவிட்டு இணுவிலுக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பெரிய எண்ணங்கள் இருந்தன. இங்கே எழும்பிக்கொண்டிருந்த வீடுகளைப் பார்க்க வயிறு எரிந்தது. நிலத்துக்குக் கப்பலில் வந்த மாபிள், சீலிங்குக்கு பிளாஸ்டிக் பலகை, யன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி. மத்தியானம் உள்ளே போனால் பாண் சுடுகிற போறணைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பிறகு அந்த வெக்கைக்கு ஏசி பூட்டுவார்கள். பூசிய பெயின்ற் மணம் மாதக்கணக்கில் போகாது. சின்னப் பிள்ளைகள் இருமிக்கொண்டு திரிவார்கள்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்று நான் சொல்லித் திரிந்தேன். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசலாம், சீலிங்குக்குப் பனையோலைப் பாய் போதும், நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்தை மினுக்கி விட்டால் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மரம் வேண்டுமென்றால் ஒரு மரமும் புதிதாக வெட்ட வேண்டாம், இடித்த வீடுகளிலிருந்து வருகிற பழைய மரம் மரக்காலைகளில் குவிந்து கிடக்கிறது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிறகு போய் மாபிள் பதித்தார்கள். "இல்லாதவை வீடு மாதிரியெல்லோ இருக்கும்" என்று ஒரு அம்மா என் முகத்துக்கு நேரேயே சொன்னார்.

அதனால் அந்த மனிதர் என்னைத் தேடி வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. லண்டனில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவர். அறுபது வயதிருக்கும். நான் அவரை அண்ணை என்றேன், அவர் என்னைப் பிள்ளை என்றார். வலிகாமம் வடக்கில் அவருடைய குடும்பத்து வளவு நெடுங்காலம் இராணுவத்தின் கையில் இருந்து, அப்போதுதான் விடுபட்டிருந்தது. வீடு நின்ற இடத்தில் பற்றைக்காடு. கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு அங்கே ஒரு விடுதி கட்டப் போவதாகச் சொன்னார்.

"இந்த மண்ணுக்குக் கேடு செய்யாத ஒரு கட்டிடம் வேணும் பிள்ளை. ஒரு சாமான் உள்ளுக்கை வாறதெண்டால், அது எங்கை இருந்து வந்தது, ஆரின்ரை கையாலை வந்தது எண்டு எனக்குத் தெரியவேணும்."

அவர் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. வார்னிஷ் தகரத்தில் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பார். நான் கொண்டுபோன கைத்தறித் துணியைப் பார்த்து, இந்தப் பருத்தி எங்கே விளைந்தது, சாயம் என்ன சாயம், சாயத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறார்கள் என்று கேட்பார். பதில் தெரியாமல் நான் நெசவு செய்கிறவர்களிடம் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வருவேன். அலுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும், என் வாழ்நாளில் ஒருவர் இப்படிக் கேட்கிறாரே என்று இருந்தது. கட்டிடம் எழும்பி ஓடு போட்டபோது, உள்ளே நின்றால் வெயில் தெரியவில்லை. என் தொழிலில் நான் செய்த நல்ல வேலை அதுதான். இப்போது சொல்லவும் கசக்கிறது.

முன்வாசலுக்கு ஒரு கதவு தேவைப்பட்டது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு மரக்காலையில் நான் வழக்கமாக மரம் எடுப்பேன். அங்கே பின்பக்கம், தகரக் கொட்டகைக்குள் அந்த இரட்டைக் கதவு சாத்தியிருந்தது. பச்சைப் பெயின்ற் பூசி, அதற்கு மேல் சாணித் தெறிப்பு. விரல் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் மினுக்கம், வைரம் பாய்ந்த மரம். முதிரை. இப்போதெல்லாம் அந்த அகலத்தில் ஒரே பலகை தேடினாலும் கிடைக்காது. அண்ணை வந்து பார்த்தார், தடவினார், "இதுதான், இதுதான்" என்றார். அன்றைக்கே லொறியில் ஏற்றினோம். எல்லாவற்றையும் கேட்கிற அவர், அந்தக் கதவு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பழைய மரம் என்பதே எங்களுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

துணி தைப்பதற்கு யாழ் நகரில் ஐந்து சந்திப் பக்கம் ஒரு அக்காவைப் பிடித்திருந்தேன். முஸ்லிம் பெண். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் விடுதலை இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெட்டை. புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே தையல் பழகிக் கலியாணமும் முடித்து, கணவர் மவுத்தான பிறகு மகளோடு திரும்பி வந்திருந்தார். தகப்பனுடைய காணியில் நின்ற இடிந்த சுவர்களுக்கு நடுவே தகரம் போட்ட ஒரு அறை. அதுதான் வீடும் கடையும். பழைய அத்திவாரத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் வைத்துக்கொண்டிருந்தார். கைத்தறித் துணியை அவரளவு நேராக வெட்டித் தைக்கிறவர் என் அனுபவத்தில் வேறு ஆளில்லை.

யன்னல் அளவெடுப்பதற்காக ஒருநாள் காலை அவரை என் காரில் வளவுக்கு அழைத்துப் போனேன். கதவுக்குப் பூசியிருந்த பச்சையை அதற்குள் முழுக்க உரித்திருந்தார்கள். விறாந்தைச் சுவரோடு சாத்தியிருந்தது. வெயில் பட்டுத் தேன் நிறத்தில் இருந்தது.

அக்கா அதற்கு முன்னால் போய் நின்றார். பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, "வடிவா இருக்கென்ன?" என்றேன்.

"இது எங்கை எடுத்தது?"

"மரக்காலையிலை அக்கா. பழைய முதிரை."

அவர் குனிந்து இடது கதவின் அடிப்பலகையைத் தொட்டார். அந்த ஒரு பலகை மட்டும் சிவப்பாக, வேப்ப மரத்தில் இருந்தது. யாரோ பிற்காலத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நானும் கவனித்திருந்தேன்.

"கறையான் அரிச்சுப்போட்டுது. வாப்பா தானே வெட்டி வைச்சவர்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதைத் திருப்பச் சொல்லுங்கோ. உள்பக்கத்திலை கீழை ஒரு தாழ்ப்பாள் பூட்டிக் கழட்டின ஓட்டை இருக்கும். மரத்தூள் மக்கு வைச்சு அடைச்சிருப்பார். மேலை, கையெட்டாத உயரத்திலை வேறையொண்டு பூட்டியிருக்கும். என்ரை தம்பி சின்னனிலை கீழ்த் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துபோட்டு றோட்டுக்கு ஓடிப்போயிடுவான். அதுக்காகத்தான் மேலை வைச்சவர்."

வேலையாட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் திருப்பினோம். அவர் சொன்னபடியேதான் இருந்தது. மேலே கறள் பிடித்த தாழ்ப்பாள். கீழே, அடைத்த ஓட்டைகள்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளங்கையைக் கதவில் வைத்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அளவு நாடாவை எடுத்தார். "எந்த அறையிலை தொடங்குவம்?" என்றார். எல்லா யன்னல்களையும் அளந்தார். ஒரு அளவும் பிழைக்கவில்லை.

திரும்பி வரும்போதுதான் கதைத்தார்.

"வாப்பா கதவைப் பூட்டித் திறப்பை மடியிலை செருகிக்கொண்டு வந்தவர். வழியிலை இயக்கப் பெடியள் சோதிக்கேக்கை அதையும் வாங்கிப்போட்டினம். புத்தளத்திலை இருந்து சாகுமட்டும் அவர் நகையைப் பற்றி, கடையைப் பற்றி ஒண்டும் சொல்ல மாட்டார். கதவு மழையிலை நனையுமே எண்டுதான் சொல்லிக்கொண்டிருப்பார். மாரியிலை பலகை ஊதிச் சாத்தேலாமல் போமாம்."

கொஞ்சத் தூரம் போன பிறகு, "கேட்டால் தருவினமோ?" என்றார்.

"ஓம் அக்கா. தருவார். அவர் அப்பிடியான மனிசன்தான்."

எனக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. சொந்த வளவை இழந்து, வெளிநாட்டில் இருந்துகொண்டு வருடக்கணக்காக ஏங்கியவர். அவருக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

அடுத்த நாள் கிணற்றடியில் வைத்து அண்ணையிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கண் கலங்கிவிட்டது. "ஐயோ, பாவம்" என்றார். "எவ்வளவு அநியாயம் செய்துபோட்டம் அந்தச் சனத்துக்கு" என்றார். மனம் நிறைந்து போய், "அப்ப நான் லொறிக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"கதவைக் குடுக்க."

அவர் கிணற்றுக் கட்டில் இருந்து எழும்பிவிட்டார்.

"பிள்ளை, நான் ஒருத்தரிட்டையும் பறிக்கேல்லை. கடையிலை காசு குடுத்து வேண்டினனான்."

"தெரியும் அண்ணை. நானும் பக்கத்திலை நிண்டனான்தானே. அவவின்ரை வீட்டுக் கதவெண்டு இப்ப எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"இந்த வளவிலை நிண்ட எங்கடை வீட்டுக் கதவு எங்கை?" அவருடைய குரல் உயர்ந்தது. "யன்னல் எங்கை? ஓடு, தீராந்தி எல்லாம் எங்கை? அத்திவாரக் கல்லைக்கூடக் கிண்டிக்கொண்டு போட்டாங்கள். எல்லாம் எங்கையோ ஒருத்தன்ரை வீட்டிலை பூட்டித்தான் இருக்கும். ஆர் எனக்குக் கொண்டுவந்து தந்தது? சொல்லும் பாப்பம். ஒவ்வொருத்தரும் திருப்பிக் குடுக்க வெளிக்கிட்டால் இந்த ஊரிலை ஒரு வீடும் நிமிந்து நிக்காது."

"அதாலைதான் உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

இதை நான் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் குத்திவிட்டது. முகம் இறுகிப் போய், "என்னை நீர் கள்ளனாக்கிறீர்" என்றார். அதற்குப் பிறகு என்ன சொல்லியும் பயனில்லை. அதே அளவில் வேறு கதவு செய்வித்துத் தருகிறேன் என்றேன். புது மரம் வெட்டுவதோ, அது நம் கொள்கைக்கே எதிரானது அல்லவோ என்றார். அந்த நிமிடத்தில் அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நான் மரக்காலைக்குப் போனேன். முதலாளி கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அது ஒரு மாட்டுக் கொட்டிலுக்குக் கதவா நிண்டது தங்கச்சி. அதுக்கு முன்னம் எங்கை நிண்டதெண்டு மாட்டைத்தான் கேக்கவேணும்."

"தெரியாமல் வேண்டினனீங்களோ?"

"உங்கை பாருங்கோ" என்று கொட்டகையைக் காட்டினார். கதவுகள், நிலைகள், யன்னல்கள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வரிசையாக நின்றன. "உதிலை எந்தச் சாமான் ஆக்கள் விருப்பத்தோடை கழட்டித் தந்தது? ஓடினவன்ரை, செத்தவன்ரை, துரத்தினவன்ரை. விசாரிச்சு யாவாரம் செய்யிறதெண்டால் நான் கடையைப் பூட்டவேணும். நீங்களும் இவ்வளவு காலமும் விசாரிக்கேல்லைத்தானே."

பழைய மரத்தைக் காட்டி, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கதை இருக்கிறது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது என் வழக்கம். அதைக் கேட்டால் அவர்களுக்குப் பிடிக்கும். கதை என்றால், நாலு பிள்ளைகள் ஓடித் திரிந்த வீடு, கலியாணம் நடந்த வீடு, அப்படி ஏதோ. யாரும் இந்தக் கதையை நினைத்துக்கொண்டு தலையாட்டியிருக்க மாட்டார்கள்.

அக்காவிடம் போய், அண்ணை மாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "நான் வந்து கேக்கிறன்" என்றார். வேண்டாம் என்றேன். "நீங்கள் கேட்டது உங்கடை வாயாலை. என்ரை கதவை நான் கேக்கவேணும்."

போனோம். அண்ணை நல்ல மரியாதையாக வரவேற்றார். கதிரை போட்டார், தேத்தண்ணி வரவழைத்தார். அக்கா தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அண்ணை, அந்தக் கதவை எனக்குத் தாங்கோ. எங்கடை வாப்பான்ரை."

அவ்வளவுதான் சொன்னார். அண்ணை நெடுநேரம் கதைத்தார். தன் தாய் தகப்பன் அகதியாக அலைந்ததைச் சொன்னார். யுத்தம் எல்லோரையும் சமமாக அழித்தது என்றார். கடைசியில், "தங்கச்சி, கதவு இஞ்சை பாதுகாப்பா இருக்கும். நனையாது, கறையான் தொடாது. நீங்கள் எப்பவும் வந்து பாக்கலாம். இந்த விடுதியின்ரை தையல் வேலை முழுக்க உங்களுக்குத்தான். கேர்ட்டின், பெட்சீற், குசன், எல்லாம். வருசா வருசம் உங்களட்டைத்தான் தருவம்" என்றார்.

அக்கா ஆறிப்போன தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி" என்றார்.

காரில் ஏறியதும் பொரிந்து தள்ளினேன். இந்த வேலையை நான் விடுகிறேன், நீங்களும் விடுங்கள், பத்திரிகைக்குச் சொல்லுவோம், பள்ளிவாசலில் சொல்லுவோம் என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்:

"நீங்கள் விடுவீங்கள் தங்கச்சி. உங்களுக்கு வேறை வீடு வரும். என்ரை மகள் ஏ லெவல் படிக்கிறாள். சுவர் இன்னும் தலைக்கு மேலை எழும்பேல்லை. உங்கடை கோவத்துக்கு நான் வேலையை விடேலாது."

"அவர் உங்களை விலைக்கு வாங்கிறார் அக்கா."

"எனக்குத் தெரியாமலோ?" முதல் தடவையாக அவருடைய குரலில் சூடு தெரிந்தது. "நாங்கள் போன அண்டைக்கு உங்கடை ஆக்கள் வேலிக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவை. ஒருத்தரும் கோவப்படேல்லை. முப்பது வருசத்துக்குப் பிறகு நீங்கள் கோவப்படுறியள். நல்லது. ஆனால் உங்கடை கோவத்தை நான் கொண்டுபோய் வாசல்லை பூட்டேலாது."

ஐந்து சந்தியில் அவரை இறக்கிவிட்டேன்.

நான் வேலையை விட்டேன். என் வரைபடங்களை வைத்துக் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெடியன் மிச்சத்தை முடித்தான். வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது என் மாமா, "அவை திரும்பி வந்து இருக்கிறதே பெரிய காரியம். இனிக் கதவும் வேணுமாமோ?" என்று கேட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். எனக்கு அவருடன் சேர்ந்திருந்து சாப்பிடுவது இன்றுவரை கஷ்டமாக இருக்கிறது. அவர் கெட்டவரல்ல. அண்ணையும் கெட்டவரல்ல. கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

விடுதி திறந்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கினார்கள். கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டார்கள். ஒரு சஞ்சிகையில் நான்கு பக்கத்துக்குக் கட்டுரை வந்தது. சுண்ணாம்புச் சுவர், பனையோலைச் சீலிங், கைத்தறித் திரைகள் எல்லாவற்றையும் புகழ்ந்திருந்தார்கள். வடிவமைப்பு என்று என் பெயரையும் கேளாமலே போட்டிருந்தார்கள். கதவின் படத்துக்குக் கீழே, யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றிலிருந்து மீட்கப்பட்ட முதிரைக் கதவு என்று இருந்தது. மீட்கப்பட்டதாம். யாரிடமிருந்து, யாருக்காக? மண் மீட்பு என்று எங்கள் ஆட்கள் எத்தனை மேடையில் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு பலகைத் துண்டுக்குக்கூட அது உண்மையாக இல்லை.

இப்போது நான் மரக்காலைகளுக்குப் போவதில்லை. பழைய மரம் போடுவோம் என்று யாராவது கேட்டால், எங்கிருந்து வந்ததென்று எழுதித் தரக்கூடியவரிடம் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறேன். அப்படித் தரக்கூடியவர் ஒருவரும் இல்லை. எனக்குச் சூழலில் அக்கறை குறைந்துவிட்டது என்று கதைக்கிறார்களாம். கதைக்கட்டும். ஒரு பொருள் மண்ணுக்குக் கேடு செய்யாததா என்று பார்க்க எனக்குப் படிப்பித்தார்கள். மனிதருக்குச் செய்த கேட்டை எதைக் கொண்டு அளப்பது என்று ஒருவரும் படிப்பிக்கவில்லை. மரம் வெட்டாமல் விட்டதற்காக நாங்கள் எங்களையே மெச்சிக்கொள்கிறோம்.

சென்ற மாதம் ஒரு வீட்டுத் திரைகளுக்காக அக்காவிடம் போனேன். சுவர் எழும்பிக் கூரை போட்டாயிற்று. முன்வாசலில் கடையில் விற்கிற சாதாரண ஒட்டுப்பலகைக் கதவு. மகள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருந்தாள். அக்கா பிளேன்ரீ தந்தார். முன்னர் இருந்த நெருக்கம் இல்லை; பகையும் இல்லை. தொழில் கதைத்தோம்.

வெளிக்கிடும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. "அங்கை போறனீங்களோ அக்கா?"

"ஓம். கேர்ட்டின் கழட்டித் தோய்க்கிறதுக்கு, மாத்திறதுக்கு, மாசத்துக்கு ஒருக்கா."

"கதவு எப்பிடி இருக்கு?"

அவர் மெஷினில் துணியைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தார்.

"நான் காணுறேல்லை. வேலையாக்கள் பின்னாலை குசினி வாசலாலைதானே போகவேணும்."

பிறகு மெஷினை ஓட்டத் தொடங்கினார். சத்தத்துக்கு மேலால், "உங்கடை துணி வெள்ளிக்கிழமைக்கு முன்னம் தரேலாது" என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு றோட்டுக்கு இறங்கினேன்.